24 மணி நேரக் கேன்

ரவி மாமா: சுந்தரியின் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. சிறுநீரகக் கல் இருக்கிறது, அது தெரிந்ததுதான். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் இடது அட்ரீனல் சுரப்பியில் 2.3 செ.மீ. கட்டி என்றும் எழுதியிருக்கிறார்கள். கல்லைத் தேடப்போய் இது என்ன புதுக் கதை?

செந்தில்: ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிடலாமே அப்பா.

கவிதா: வேண்டாம் அண்ணா! சில அட்ரீனல் கட்டிகள் அட்ரினலினைக் கொட்டும் வகை. தெரியாமல் குத்தினால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக எகிறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். மாமா, அறிக்கையில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்று ஓர் எண் இருக்கும், கட்டியின் அடர்த்தியைச் சொல்வது, பாருங்கள்.

ரவி மாமா: 22.

கவிதா: 10-க்குள் இருந்தால் கொழுப்பு நிறைந்த சாதுவான கட்டி, புற்றுநோய்ப் பயம் இல்லை. 22 இரண்டுங்கெட்டான். 4 செ.மீ. தாண்டாதது நல்லது. ஆனால் அது ஹார்மோன் சுரக்கிறதா என்பதை ஸ்கேன் சொல்லாது. அத்தை, தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வருகிறதா?

சுந்தரி அத்தை: வருகிறதம்மா. போன மாதம் துணி எடுக்கக் குனிந்தேன். மண்டை தெறித்தது, முதுகுத் துணி நனைந்து ஒட்டிக்கொண்டது, நெஞ்சுக்குள் உலக்கை இடித்தது. கால் மணி நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. மாதவிடாய் நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். நானும் நம்பிவிட்டேன்.

செந்தில்: அம்மாவின் முகம் அன்றைக்குச் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

கவிதா: இதை ஏன் யாருமே சொல்லவில்லை? மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூட்டில் முகம் சிவக்கும், வெளுக்காது. நான் சொன்ன அட்ரினலின் கொட்டும் கட்டி, அதாவது பியோகுரோமோசைட்டோமா, இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அட்ரினலின் வந்து வந்து போகும், ரத்தம் எடுக்கும் நேரத்தில் அகப்படாது. அது சிதைந்து உண்டாகும் மெட்டாநெப்ரின் கட்டியிலிருந்து கசிந்துகொண்டே இருக்கும். அதைத்தான் அளப்பார்கள்.

செந்தில்: அது ஒன்று போதுமா?

கவிதா: அட்ரீனல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்டிசாலும் பார்ப்பார்கள். இரவு 11 மணிக்கு கார்டிசாலை அடக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை 1 மி.கி., காலை 8 மணிக்கு ரத்தம். கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கினால் சரி. அதற்கு முன் மெட்டாநெப்ரின் முடிவு வரட்டும். அத்தைக்கு ரத்த அழுத்தம் இருப்பதால், அதைக் கூட்டக்கூடிய அல்டோஸ்டிரோன் ஹார்மோனுக்கும் ரெனினுக்கும் உள்ள விகிதமும் பார்ப்பார்கள். பொட்டாசியம் சரியாக இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது.

ரவி மாமா: மெட்டாநெப்ரினை அளக்க 24 மணி நேரச் சிறுநீரைப் பிடிக்கச் சொல்லி ஐந்து லிட்டர் கேன் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே ஏதோ அமிலமாம்.

கவிதா: தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறியுங்கள். அதன்பின் ஒரு சொட்டு விடாமல், மறுநாள் அதே நேரம் வரை. அத்தை, இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?

சுந்தரி அத்தை: ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. மூக்கடைப்புக்கு நேற்று ஒன்று போட்டேன்.

கவிதா: மூக்கடைப்பு மாத்திரை முடிவையே மாற்றிவிடும்! இன்றே டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

(ஐந்து நாள் கழித்து)

ரவி மாமா: இரவு 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கேனை மறந்துவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து.

சுந்தரி அத்தை: 2 மணிக்கு நீங்கள் எழுந்து பாருங்கள், தெரியும்.

(அடுத்த வாரம்)

ரவி மாமா: மெட்டாநெப்ரின் மேல் வரம்பைப் போல ஐந்து மடங்கு. அட்ரினலினின் வேகத்தை அடக்கும் ஆல்ஃபா தடுப்பு மாத்திரையை இரண்டு வாரம் கொடுத்துவிட்டுத்தான் அறுவை சிகிச்சையாம்.

கவிதா: அதுதான் சரியான வரிசை மாமா.

சுந்தரி அத்தை: ஆக, வயதின் கோளாறு இல்லை. செந்தில், அந்தக் கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா. குளியலறையில் கால் வைக்க இடமில்லை.