பெட்டிகளில் கிடக்கும் பைக்கா, துருப்பிடித்த முழு பைக்கா? குளிர்காலத்துக்கு ஒரு பழைய ஹோண்டா சிபி350

தூசிதட்டி:

எல்லோருக்கும் வணக்கம். குளிர் வந்தால் என் பைக்கை மூடிப் போட்டுவிடுவேன். இந்த முறை அந்த மாதங்களில் ஒரு பழைய வண்டியை வாங்கிச் சரிசெய்து பார்க்கலாம் என்று ஆசை. பிடித்தது ஹோண்டா சிபி350. 1968 முதல் 1973 வரை வந்த இரட்டைச் சிலிண்டர் வண்டியைச் சொல்கிறேன், இப்போது அதே பெயரில் வரும் ஒற்றைச் சிலிண்டர் வண்டி அல்ல.

இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். முதல் வண்டியை அதன் உரிமையாளர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிட்டார். ஃபிரேமுக்குப் புது பெயின்ட், பளபளவென்று இருக்கிறது. இன்ஜின் பிரித்த நிலையில், மற்ற சாமான்கள் ஏழெட்டுப் பெட்டிகளில். "எல்லாம் இருக்கு, மாட்டினா போதும்" என்கிறார். ஆவணங்கள் வீட்டில் எங்கோ இருக்கிறதாம், தேடித் தருவாராம்.

இரண்டாவது, கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்ற வண்டி. முழுசாக இருக்கிறது. ஆனால் டாங்க்குக்குள் துரு, சீட் கிழிசல், டயரெல்லாம் வெடிப்பு. கிக்கரை மிதித்தால் இறங்கவே மாட்டேன் என்கிறது. ஆவணங்கள் கைவசம், ஃபிரேம் எண்ணும் இன்ஜின் எண்ணும் அதில் உள்ளபடியே இருக்கின்றன.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பாதி வேலை முடிந்துவிட்டதே என்று மனசு முதல் வண்டிப் பக்கம் போகிறது. ஆயில், செயின், கேபிள், பிரேக் பேட் வரை நானே மாற்றுவேன். இன்ஜினைத் திறந்ததில்லை. இடம் ஒரு மூடிய ஷெட், ஹீட்டர் கிடையாது. குளிர் முடியும்போது ஓட்டவேண்டும். எதை வாங்கலாம்?

இரட்டைப்புகை:

இரண்டாவது. யோசிக்கவே வேண்டாம்.

"எல்லாம் இருக்கு" என்று சொல்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது. பெட்டிக்குள் ஒரு ஸ்பேசர் (இடைவெளிக்கு வைக்கும் சின்ன வளையம்) இல்லை என்பது, அந்த ஸ்பேசர் போகவேண்டிய இடத்துக்கு வேலை வந்து நிற்கும்போதுதான் தெரியும். வண்டியைப் பிரிப்பவனின் கைக்கு எது எங்கிருந்து வந்தது என்று நினைவிருக்கும். உங்களுக்கு அந்த நினைவு கிடையாது, முதல் தடவை வேறு. அதோடு 1968-க்கும் 1973-க்கும் இடையே ஹோண்டா இந்த வண்டியில் பல மாற்றங்கள் செய்தது. டாங்க், சைடு கவர், மீட்டர் என்று ஆண்டுக்கு ஆண்டு மாறும். இரண்டு மூன்று வண்டிகளின் சாமான்கள் அந்தப் பெட்டிகளில் கலந்திருந்தால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

புது பெயின்ட்டும் எனக்கு நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை. வண்டி ஓடுமா என்று பார்க்காமலே முதலில் பெயின்ட் அடித்தவர் அவசரக்காரர். போல்ட் மரைகளிலும் ஸ்டீரிங் பேரிங் உட்காரும் இடத்திலும் பெயின்ட் ஏறியிருக்கும். இன்ஜினை ஃபிரேமுக்குள் ஏற்றும்போதே பாதி உரிந்துவிடும்.

பழைய வண்டியில் எது தேய்ந்திருக்கிறது என்பதைவிட எது காணோம் என்பதுதான் கையைக் கடிக்கும். பிஸ்டன், ரிங், கேஸ்கெட், பாயின்ட் (ஸ்பார்க்கை நேரம் பார்த்து விடும் தொடுமுனை), செயின், பிரேக் ஷூ எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. அசல் சைலன்சர், சீட்டின் அடித்தகடு, சைடு கவர், மீட்டர்கள், இவை இல்லாமல் போனால் தேடித்தேடியே அடுத்த குளிர்காலமும் வந்துவிடும். இரண்டாவது வண்டியில் இவையெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. சைலன்சரை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உள்ளே துருத்தூள் சலசலத்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

ஆவணம் பற்றி ஒரே வரி: கையில் வராத காகிதத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கிக்கர் இறங்காததைக் கண்டு பயப்பட வேண்டாம். பல நேரம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். வாங்கினால் சொல்லுங்கள், மேற்கொண்டு எழுதுகிறேன். அதுவரை கிக்கர்மேல் ஏறி நின்று குதிக்கிற வேலை கூடாது. உடையப்போவது ஒட்டின ரிங் அல்ல, கிக்கர் பல்சக்கரம்.

ஸ்பேனர்14:

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். கூடவே ஒன்று. பழைய ஜப்பான் வண்டிகளின் கூட்டல்குறி ஸ்க்ரூ சாதாரண பிலிப்ஸ் அல்ல, ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர அளவு. பார்க்க ஒன்றுபோல இருக்கும். பிலிப்ஸ் டிரைவர் வைத்தால் முழுசாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். சைடு கவர் ஸ்க்ரூவெல்லாம் பிடிவாதக்காரர்கள். ஜேஐஎஸ் முனையோடு, சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற எந்தக் கருவிக்கும் முன்னால் இதுதான்.

அப்புறம் பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

மின்பொறி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். முதல் வண்டியை அடிமாட்டு விலைக்குத் தந்தால் உதிரிப்பாகத்துக்காக வாங்கிப் போடலாம். இரண்டாவது வண்டியை எடுத்தால் பாயின்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடுங்கள். யார் இந்தக் காலத்தில் இடைவெளி அளந்துகொண்டு உட்கார்ந்திருப்பது?

இரட்டைப்புகை:

உதிரிக்காக வாங்குவது சரிதான், ஷெட்டில் இடம் இருந்தால். இல்லையென்றால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, கடைசியில் ஒன்றுகூட ஓடாது.

பாயின்ட் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாயின்ட் படிப்படியாக, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெடும். எலக்ட்ரானிக் பெட்டி சொல்லாமல் போகும். இந்த வண்டியில் கேம்ஷாஃப்ட் முனையில் இரண்டு ஜோடி பாயின்ட், சிலிண்டருக்கு ஒன்று. இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. ஒருமுறை கற்றுக்கொண்டால் தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. மாற்றியே தீரவேண்டிய மின்சாதனம் வேறொன்று இருக்கிறது: பழைய செலினியம் ரெக்டிஃபையர், அதாவது ஏசி மின்சாரத்தை பாட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் பாகம். வயதாக ஆக அது பாட்டரிக்குச் சார்ஜைச் சரியாக அனுப்பாது, எரிந்தால் வரும் புகையும் நச்சு. புது சிலிக்கான் ரெக்டிஃபையர் போட்டுவிடலாம்.

தூசிதட்டி:

நன்றி அண்ணா. பெட்டிக்காரரிடம் ஆவணங்களைக் காட்டச் சொன்னேன், பதிலே இல்லை. இரண்டாவது வண்டியை வாங்கிவிட்டேன். சைலன்சர் தட்டலில் ஓரளவு தேறியது. ஷெட்டில் நிற்கிறது, மனைவி அதை 'அந்தப் பாவம்' என்கிறார். இப்போது இன்ஜின் ஜாமும் டாங்க் துருவும். எங்கிருந்து தொடங்க?

இரட்டைப்புகை:

வாழ்த்துகள். முதலில் கழுவுங்கள். கழுவினால்தான் எண்ணெய் எங்கே கசிகிறது, எந்த போல்ட் இல்லை என்பது தெரியும். பிரிக்கும் ஆசை வரும், அடக்குங்கள். முதலில் ஓடவைக்கவேண்டும், அழகு பிறகு. இன்ஜின் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் ஃபிரேமை வெறுமையாக்கினால் முதல் பெட்டிக்காரர் கதைதான்.

ஜாமுக்கு வருவோம். நியூட்ரலில் போட்டுப் பாருங்கள், கிளட்சையும் பிடித்துப் பாருங்கள். கிளட்ச் பிடித்தால் கிக்கர் இறங்குகிறது என்றால் ஒட்டியிருப்பது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பக்கம். அப்போதும் இறங்கவில்லை என்றால் கிக்கர் அமைப்பையே சந்தேகிக்கவேண்டும்.

இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். போனில் இணைக்கும் சின்ன எண்டோஸ்கோப் கேமரா இருந்தால் உள்ளே விட்டுப் பாருங்கள். இது 180 டிகிரி கிராங்க், ஒரு பிஸ்டன் மேலே நின்றால் மற்றது கீழே நிற்கும். வண்டி நின்றபோது எந்தப் பக்கம் வால்வு திறந்திருந்ததோ அந்தச் சிலிண்டருக்குள்தான் ஈரம் போயிருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் குற்றவாளி.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்து, இரண்டு ஓட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் உரிக்கும். கதவைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். ஊற்றிவிட்டு மறந்துவிடுங்கள். தினமும் போய்க் கொஞ்சம் சேர்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை. பொறுமை இல்லாதவர்கள் உடைக்கும் இடம் இதுதான்.

பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். இடப்பக்கக் கவரைக் கழற்றினால் ரோட்டர் போல்ட் தெரியும், அதில் ஸ்பேனர் போட்டும் அசைக்கலாம். ஆனால் இன்ஜின் சுற்றும் திசை இடப்பக்கம் நின்று பார்த்தால் இடஞ்சுழி. அந்தத் திசையில் அழுத்தினால் இன்ஜினுக்குப் பதில் போல்ட்டே கழன்று வரலாம். மயிரிழை அசைந்தாலும் போதும். உடனே எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி முன்னே, இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக.

விடுபட்டதும் ஸ்டார்ட் பண்ண ஓடாதீர்கள். ஊற்றிய கலவை ரிங் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலந்திருக்கும். ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றவேண்டும். இந்த இன்ஜினில் காகித ஃபில்டர் கிடையாது. வலப்பக்கக் கவருக்குள் கிராங்க் முனையில் சுற்றும் ஒரு கிண்ணம்தான் ஃபில்டர், சுழற்சியில் அழுக்கை வெளிச்சுவரில் ஒட்டவைக்கும். பல வண்டிகளில் அதை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். திறந்து வழித்தெடுங்கள். டாப்பெட் மூடிகளைத் திறந்து கேம் மேலும் ஆயில் ஊற்றுங்கள், நெடுநாள் காய்ந்து கிடந்த இடம்.

டாங்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு ஒரு சின்ன பாட்டிலைத் தொங்கவிட்டு அதிலிருந்து பெட்ரோல் கொடுத்தால் போதும். துரு டாங்க்கிலிருந்து கொடுத்தால் கழுவிய கார்புரேட்டரை மறுநாளே மறுபடி கழுவவேண்டும்.

மின்பொறி:

டாங்க்குக்கு மின்னாற்பகுப்பு செய்யுங்கள், அமிலத்தைவிட நிதானமானது. தண்ணீரில் சலவை சோடா, நடுவில் ஒரு சாதாரண இரும்புக் கம்பி, டாங்க்கைத் தொடாமல். பாட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டாங்க்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. ஸ்டெயின்லெஸ் கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம், நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜனும் வரும், அதனால் வெட்டவெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல். பெட்ரோல் வாசம் முழுசாகப் போகும்வரை டாங்க்கைக் கழுவிவிட்டுத்தான் இதைத் தொடங்கவேண்டும்.

ஸ்பேனர்14:

ஹீட்டர் இல்லை என்றீர்களே, அதற்காக மண்ணெண்ணெய் அல்லது காஸ் ஹீட்டரை உள்ளே கொண்டுவராதீர்கள். பெட்ரோலும் திறந்த நெருப்பும் ஒரே அறையில் ஆகாது. போதாததற்கு கார்பன் மோனாக்சைடு, எரிவதால் வரும் நீராவி வேறு சில்லிட்ட இரும்பில் படிந்து துருவாகும். குளிரில் பெயின்ட்டும் சரியாகக் காயாது. பெயின்ட் வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ரப்பர் கிரிப், டயர் எல்லாம் மாட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குள் வைத்தால் இளகும்.

டயரை வெடிப்பு பார்த்து முடிவுசெய்யவேண்டாம். பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், டயர் தயாரான வாரமும் ஆண்டும். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர்.

தூசிதட்டி:

மூன்று இலக்கம்தான் அண்ணா! புது டயர் வாங்கியாகிவிட்டது.

நல்ல செய்தி: இன்ஜின் விட்டுக்கொடுத்துவிட்டது. பின்சக்கரத்தை அசைத்தபோதுதான், சத்தமே இல்லாமல். ஆயில் மாற்றி, அந்தக் கிண்ணத்தையும் திறந்தேன். உள்ளே கருப்பு வெண்ணெய் மாதிரி அப்பியிருந்தது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தால் வலது 150 பிஎஸ்ஐ, இடது 90. ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திறந்துவைத்துத்தான் அளந்தேன். இடப்பக்கம் பிஸ்டனைக் கழற்றவேண்டுமா?

இரட்டைப்புகை:

உடனே வேண்டாம். 90-க்குக் காரணம் மூன்று இருக்கலாம்: ரிங் பள்ளத்தில் ஒட்டியிருக்கலாம், வால்வு உட்காரும் இடத்தில் துரு இருக்கலாம், வால்வு இடைவெளியே இல்லாமல் போயிருக்கலாம். மூன்றாவது செலவில்லாதது, அங்கிருந்து தொடங்குங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் (உள்ளிழுக்கும் வால்வு) 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் (புகைபோகும் வால்வு) 0.10 மி.மீ. இந்த வண்டியில் வால்வை அழுத்தும் ராக்கரின் முனையில் ஸ்க்ரூ இருக்காது. ராக்கரைத் தாங்கும் தண்டே மையம் விலகியது, அதைத் திருப்பித்தான் இடைவெளி வைக்கவேண்டும். தெரியாமல் ஸ்க்ரூவைத் தேடிக் குழம்பாதீர்கள்.

இடைவெளி வைத்தபின் மறுபடி அளங்கள். இன்னும் குறைவு என்றால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு அளங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. கம்ப்ரஸர் கிடைத்தால் இன்னும் தெளிவு. பிஸ்டன் மேலே, இரண்டு வால்வும் மூடிய நிலையில் காற்றைக் கொடுத்துக் காதை வையுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக், ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். ஒட்டிய ரிங்கும் லேசான வால்வுத் துருவும் சில சமயம் கொஞ்சநேரம் ஓடினாலே தெளிந்துவிடும். அப்படியும் தேறாமல், கேமராவில் சுவரில் குழிகள் தெரிந்தால்தான் ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. 0.25 மி.மீ. படிகளில் ஓவர்சைஸ் பிஸ்டன் இருக்கிறது.

இடைவேளையில் கார்புரேட்டர். இரண்டும் சிவி வகை, அதாவது இன்ஜின் உறிஞ்சும் வேகத்தில் தானே திறப்பவை; மேல்மூடிக்குள் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு இருக்கும். கிளீனர் தெளிப்பதற்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள், பட்டால் ஊதிக் கெட்டுவிடும். விளக்குக்கு எதிரே பிடித்து ஊசி ஓட்டை இருக்கிறதா பாருங்கள். பைலட் ஜெட்டையும் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளை) அப்படியே பாருங்கள், வெளிச்சம் வட்டமாகத் தெரியவேண்டும். அடைப்பை இரும்புக் கம்பியால் குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், செம்புக் கம்பியின் ஒற்றை இழை போதும்.

புது கம்ப்ரஷன் எண்களைப் போடுங்கள். அதுவரை ஹெட் போல்ட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள்.