மாக்னா கார்ட்டா நிலப்பிரபுக்களின் ஒப்பந்தம்தானே, அதை ஏன் ஜனநாயகத்தின் வேர் என்கிறார்கள்?

வைகைக்கரை:
வணக்கம். போட்டித் தேர்வுக்காக இங்கிலாந்து வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் 1215இல் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மாக்னா கார்ட்டா சாசனம், அங்கிருந்து ஒரே தாவலில் நாடாளுமன்றம், அப்புறம் மக்களாட்சி என்று போகிறது. எனக்கு இது ஒட்டவே இல்லை. ரன்னிமீட் புல்வெளியில் ஜான் மன்னரை மடக்கி முத்திரை வைக்கச் செய்தவர்கள் பெரும் நிலப்பிரபுக்கள். அவர்களுடைய நிலத்தில் உழைத்தவர்களில் ஏராளமானோர் பண்ணையடிமைகள். பிரபு சம்மதிக்காமல் ஊரைவிட்டுப் போக முடியாது, மகளைக் கட்டிக்கொடுக்கக்கூட அவருக்குப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பிரபுக்கள் தங்கள் சொத்துக்காகப் போட்ட சண்டை எப்படி எல்லோருக்குமான ஆட்சிக்கு வேர் ஆகும்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

பழையஏடு:
சந்தேகம் நியாயமானதுதான். அந்தப் பிரபுக்கள் மனதில் மக்களாட்சி என்ற எண்ணமே கிடையாது. ஆனால் நிலமானிய முறைக்குள்ளேயே ஒரு விஷயம் இருந்தது. மன்னர் நிலம் கொடுக்கிறார், பிரபு அதற்குப் பதிலாக ஆண்டுக்கு வழக்கமாக 40 நாள் குதிரைவீரர்களோடு போருக்கு வர வேண்டும். கடமை இரண்டு பக்கமும் உண்டு. மன்னர் வழக்கத்தை மீறினால் நானும் என் விசுவாசத்தை விலக்கிக்கொள்கிறேன் என்று சொல்ல இடம் இருந்தது, 1215 மே மாதம் பிரபுக்கள் அதைத்தான் சொன்னார்கள்.

ஜான் 1204இல் நார்மண்டியைப் பிரான்ஸிடம் இழந்துவிட்டார். அதை மீட்கப் பணம் வேண்டும், அதனால் போருக்கு வராமல் இருப்பதற்குக் கட்டும் தொகையைத் திரும்பத் திரும்ப வசூலித்தார், 1214இல் பூவின் போரில் அவருடைய கூட்டாளிகள் தோற்றதும் அத்தனை பணமும் வீணாகிவிட்டது. மறு வருடமே ரன்னிமீட். நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் இந்த வசூல் கூடாது என்று சாசனத்தின் 12ஆவது பிரிவு சொல்வதற்குக் காரணம் இதுதான். யாரை எப்படி அழைத்து ஆலோசிக்க வேண்டும் என்று 14ஆவது பிரிவு சொல்கிறது.

மூன்று மாதம் ஆவதற்குள் போப் அந்தச் சாசனத்தை ரத்து செய்தார். 1216இல் ஜான் இறந்த பிறகு மறுபடி வெளியிட்டபோது இந்த இரண்டு பிரிவுகளையும் எடுத்தே விட்டார்கள்! ஆனாலும் வழக்கம் நிலைத்துவிட்டது. 1225இல் மூன்றாம் ஹென்றி சாசனத்தை மீண்டும் வழங்கியபோது பதிலுக்கு அவருக்கு அசையும் சொத்தில் 15இல் ஒரு பங்கு வரியாகக் கிடைத்தது. பணம் வேண்டுமென்றால் எங்கள் குறையைத் தீர்த்துவை என்ற பேரம் அங்கே வெளிப்படையாக நடக்கிறது. என்னைக் கேட்டால் 1215ஐவிட 1225தான் முக்கியமான ஆண்டு.

கடலோரம்:
பழையஏடு சொன்ன அந்த 15இல் ஒரு பங்கைக் கவனியுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. நிலத்துக்கான கடமையைப் பிரபுவிடம் கேட்டால் போதும். மாடு, தானியம், கடைச்சரக்கு என்று வரி போட ஆரம்பித்தால் சிறு நிலக்காரர்களும் நகரத்து வணிகர்களும் கட்ட வேண்டியிருக்கிறது, அவர்கள் சார்பில் பிரபு எப்படிச் சம்மதம் சொல்வார்? 1254இல் மாவட்டத்துக்கு இரண்டு ‘நைட்’களை (பெரும் பிரபுக்களுக்குக் கீழ்நிலையில் இருந்தவர்கள்) அழைத்தது வரிப் பேச்சுக்காகத்தான். 1265 ஜனவரியில் மன்னரை எதிர்த்துக் கிளம்பிய பிரபு சைமன் டி மான்ட்ஃபோர்ட் நாடாளுமன்றத்தில் நகரப் பிரதிநிதிகளையும் சேர்த்தார். அப்போது ஹென்றி மன்னர் அவர் பிடியில் இருந்தார், பெரும் பிரபுக்கள் பலர் விலகிப்போயிருந்தார்கள், அவருக்கு வேறு ஆதரவு தேவைப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சைமன் ஈவ்ஷாம் போரில் கொல்லப்பட்டார். அவரைத் தோற்கடித்த, ஹென்றியின் மகன் எட்வர்டே மன்னரான பிறகு 1295இல் அதே போன்ற கூட்டத்தைக் கூட்டினார், ஏனென்றால் போருக்குப் பணம் வேண்டியிருந்தது. வருகிறவர்கள் தங்கள் ஊருக்காக முடிவெடுக்கும் முழு அதிகாரத்தோடு வர வேண்டும் என்றும் அழைப்பில் சொல்லியிருந்தார். அதனால் திரும்பிப் போய் ஊரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தட்டிக்கழிக்க முடியாது.

வைகைக்கரை:
இது தெளிவாக இருக்கிறது, நன்றி. ஆனால் பிரான்ஸிலும் பிரபுக்கள் இருந்தார்கள், 1302இலேயே அங்கேயும் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் சபை கூடியது. அங்கே ஏன் மன்னராட்சி அப்படி இறுகிப்போனது?

பழையஏடு:
அங்கேயும் பணம்தான் காரணம். நூறாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், 1439க்குப் பிறகு, ‘தாய்’ (taille) என்ற நேரடி வரியை மன்னர் சபையைக் கேட்காமலே ஆண்டுதோறும் வசூலிக்க முடிந்தது. பெரும்பாலான பிரபுக்களுக்கு அதிலிருந்து விலக்கு. தன் பணம் போகாதபோது பிரபு எதற்காக மன்னரோடு மல்லுக்கட்ட வேண்டும்? 1614க்குப் பிறகு அந்தச் சபை 1789 வரை கூட்டப்படவே இல்லை. இங்கிலாந்தில் பிரபுக்களும் வரி கட்டினார்கள், அதனால் மன்னரை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

மூன்றாம்பெஞ்ச்:
எல்லாம் சரி, ஆனால் வைகைக்கரை முதலில் கேட்ட பண்ணையடிமைகளை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். சாசனத்தின் 39ஆவது பிரிவு சட்டப்படி தீர்ப்பு இல்லாமல் சிறைப்பிடிக்கக் கூடாது என்று காப்பது ‘சுதந்திர மனிதனை’ மட்டும்தான். எந்த நிலையில் உள்ள மனிதனாக இருந்தாலும் என்று சட்டம் விரிந்தது 1354இல். 1381 குடியானவர் கிளர்ச்சியைத் தூண்டிய தலைவரி, பிச்சைக்காரர் நீங்கலாக 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு ஷில்லிங் வீதம், அதே நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்ததுதான். அடிமைத்தனத்தை ஒழிப்பதாக ரிச்சர்ட் மன்னர் லண்டனுக்கு வெளியே மைல் எண்டில் கிளர்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற்றபோது நாடாளுமன்றம் அவர் பக்கமே நின்றது. 1429இல் ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் வரும் சொந்த நிலம் இருப்பவனுக்குத்தான் மாவட்ட ஓட்டு என்று சட்டமும் போட்டார்கள்.

எனக்கு உண்மையான திருப்பமாகத் தெரிவது 1647இல் லண்டன் அருகே பட்னி தேவாலயத்தில், உள்நாட்டுப் போரில் மன்னரை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றப் படையினர் நடத்திய விவாதம். இங்கிலாந்தின் மிக ஏழையான மனிதனும், தான் சம்மதிக்காத அரசுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று கர்னல் ரெயின்ஸ்பரோ அங்கே வாதாடினார். அதுவரை வரிக்கு மட்டும் கேட்கப்பட்ட சம்மதத்தை அவர் ஆட்சிக்கே கேட்டார். நாட்டில் நிலையான சொத்து இல்லாதவனுக்கு ஓட்டு எதற்கு என்று படைத்தலைவர்களில் ஒருவரான அயர்டன் எதிர்த்தார். கடைசியில் அயர்டன் தரப்புதான் ஜெயித்தது. சொத்து பார்க்காமல் எல்லா ஆண்களுக்கும் ஓட்டு கிடைத்தது 1918இல், பெண்களுக்குச் சம உரிமை 1928இல். தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால் 1215ஓடு நிறுத்தாமல் பட்னி விவாதத்தையும் படித்துவிடுங்கள்.