காம்பவுண்ட் குரூப்: மத்தியானம் பாப்பாவ எப்படி உக்கார வைக்கிறது?

மாடி வீட்டுப் பொண்ணு 2:10
டீச்சர், அக்கா, யாராச்சும் இருக்கீங்களா? பாப்பாக்கு ரெண்டரை வயசு. வெயில் தாழுற வரைக்கும் வெளிய விட முடியல. 24 கலர் ஸ்கெட்ச் வாங்கிக் கொடுத்தா மூடியக் கழட்டிக் கழட்டிப் போடுறா, வரையவே மாட்றா. இன்னா பண்றது?

பால்வாடி டீச்சர் 2:13
24 கொடுத்ததுதான் கோளாறு மா. ஸ்கெட்ச் இந்த வயசுக்கே வேணாம். அழுத்துனா முனை உள்ள போயிடும், மூடி வாய்க்குள்ள போனா ஆபத்து. தடி மெழுகு கிரேயான் வாங்கி, சுத்தியிருக்கிற பேப்பர உரிச்சுட்டு ரெண்டு இஞ்சு துண்டா உடைச்சுக் கொடு. நீளமா இருந்தா முஷ்டியில புடிக்கும், துண்டா இருந்தா விரல் நுனிக்கு வரும். ரெண்டே கலர் கையில. மீதி பீரோ மேல.

பால்வாடி டீச்சர் 2:14
பேப்பர் நகர்ந்தா பிள்ளை எழுந்து போயிடும். நாலு மூலையும் டேப் போட்டுத் தரையில ஒட்டிடு.

கீழ் வீட்டு அக்கா 2:16
கலரே வேணாம்டி. சின்ன டப்பாவுல கால்வாசி தண்ணி, ஹார்டுவேர் கடையில விக்கிற ஒரு இஞ்சு பெயிண்ட் பிரஷ். மாடிப்படி பக்கத்து சிமெண்ட் சுவத்துல அடிக்கச் சொல்லு. ஈரம் பட்ட இடம் கருப்பாத் தெரியும், கொஞ்ச நேரத்துல காஞ்சு மறையும், திரும்ப அடிக்கும். டைல்ஸ்ல இது நடக்காது, தண்ணி உறிஞ்சாது, வழுக்கித்தான் விழும். பக்கெட்டு மட்டும் பக்கத்துல வைக்காத.

மாடி வீட்டுப் பொண்ணு 2:17
சூப்பர் க்கா 😍 மாவு பிசைஞ்சு விளையாடுறாங்களே, அது எப்படி? நான் பண்ணா கொழகொழன்னு வருது

கீழ் வீட்டு அக்கா 2:21
எந்த உப்பு போட்ட? கல் உப்பா இருந்தா கரையாது, நறநறன்னு இருக்கும். மைதா 1 டம்ளர், பொடி உப்பு ½ டம்ளர், எண்ணெய் 2 டீஸ்பூன். வெந்நீர் ½ டம்ளருக்குக் கொஞ்சம் கம்மி. மொத்தமா ஊத்தாத, கரண்டி கரண்டியா ஊத்திப் பிசை, சப்பாத்தி மாவு பதம் வந்ததும் நிறுத்திடு. நம்ம பக்கம் கடல் காத்துல உப்பு ஈரத்த இழுக்கும், காலையில நல்லா இருந்தது சாயங்காலம் ஒட்டும். ஒரு ஸ்பூன் மைதா தூவிப் பிசைஞ்சா சரியாயிடும். மூடி போட்ட டப்பாவுல ஃப்ரிட்ஜ்ல வை. மஞ்சளுக்கு மஞ்சத்தூள், சிவப்புக்குத் தண்ணிக்குப் பதிலா பீட்ரூட் சாறு.

பால்வாடி டீச்சர் 2:23
கையில சிராய்ப்பு இருந்தா அன்னிக்கு வேணாம், எரியும். ஒரு வாய் வச்சா உப்புக் கரிச்சுத் துப்பிடும், ஆனா தின்ன விடாத. உப்பு அவ்வளவு இருக்கு.

மூணாம் நம்பர் ஆயா 2:24
*இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது*

மூணாம் நம்பர் ஆயா 2:26
மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு கலந்தா சிவக்கும். ஆரத்தி எடுக்குறோம்ல. அதக் காட்டு, வாயப் பொளந்து பாக்கும்

பால்வாடி டீச்சர் 2:30
ஆயா சொல்றது அருமையான ஐடியா, ஆனா சுண்ணாம்பு மட்டும் வேணாம் ஆயா. கண்ணுல பட்டா கண்ணையே கெடுத்துடும். ஆப்ப சோடா போதும். முதல்ல 1 டீஸ்பூன் மஞ்சத்தூள கால் டம்ளர் தண்ணியில கலந்து வெள்ளைப் பேப்பர் முழுக்கப் பூசி காய வை. ½ டீஸ்பூன் ஆப்ப சோடாவ 2 ஸ்பூன் தண்ணியில கரைச்சு, காது குடையுற பட்ஸ்ல தொட்டுக் கோடு போடச் சொல்லு. செங்கல் நிறமா மாறும். அதுமேல எலுமிச்சைச் சாறு தொட்டா திரும்ப மஞ்சள். பேப்பர் காயாம ஆரம்பிச்சா கோடு தெரியாது, மொத்தமா பரவிடும்.

கீழ் வீட்டு அக்கா 2:31
பழைய சட்டை போட்டு விடு. மஞ்சக்கறை மேல சோப்பு போட்டா அதுவும் சிவக்கும், பயப்படாத. அலசி வெயில்ல போட்டா வெளுத்துடும்.

மாடி வீட்டுப் பொண்ணு 2:33
வெண்டைக்காய் அச்சு ட்ரை பண்ணேன். பூ மாதிரி வரும்னு சொன்னாங்க, வெறும் கொழகொழ வட்டம்தான் வந்துச்சு 😩

பால்வாடி டீச்சர் 2:36
பிஞ்சா இருந்திருக்கும். முத்தின காய் எடு, காம்போட சேத்து ரெண்டு இஞ்சு விட்டு நறுக்கு, காம்புதான் கைப்புடி. வெட்டுன பக்கத்த துணியில ஒத்தி 10 நிமிஷம் காய விடு. கலர்ல நேரா முக்கக் கூடாது, ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும். தட்டுல நாலா மடிச்ச துணி, அதுமேல 1 ஸ்பூன் போஸ்டர் கலர். அதுல ஒத்தி எடுத்து வைக்கச் சொல்லு. உருளைக்கிழங்கும் இதேதான், மாவுத் தண்ணியத் துடைக்கலைன்னா கலர் வழுக்கும்.

பைண்டிங் மாமா 2:41
இப்பதான் பாத்தேன். பேப்பர் விஷயத்துல ஒண்ணு. மாசக் காலண்டர் முன்பக்கம் வழவழன்னு இருக்கும், தண்ணி கலர் நிக்காது. பின்பக்கம் எடுங்க. தினசரி காலண்டர் தாள் ஈரம் பட்டா கிழியும், அதக் கிழிச்சு ஒட்டுற வேலைக்கு வச்சுக்கோங்க. இன்னும் நிறைய வேணும்னா சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல எந்த பேப்பர் கடையிலயும் கேளுங்க.

மாடி வீட்டுப் பொண்ணு 2:42
ஒட்டுறதுக்கு பசை, மாமா?

பைண்டிங் மாமா 2:46
வீட்லயே காய்ச்சும்மா. மைதா 2 ஸ்பூன், முதல்ல பச்சைத் தண்ணியில கட்டியில்லாம கரைக்கணும். நேரா சுடுதண்ணியில போட்டா கட்டி கட்டியா நின்னுடும். அப்புறம் 1 டம்ளர் வெந்நீர் ஊத்தி, சின்னத் தீயில கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் கிளறு. பிரஸ்ல பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவோம், அது விஷம், வீட்டுப் பசைக்கு ஆகாது. அதனால இது மறுநாளே புளிக்கும், அன்னன்னைக்கு காய்ச்சு. ஒட்டுறது புதுச் சட்டை மடிச்சு வர்ற கவர்க்குள்ள இருக்கிற அட்டை மேல இருக்கட்டும். மெல்லிசு பேப்பர்ல ஒட்டுனா ஒரு பக்கம் ஈரத்துல விரிஞ்சு அப்பளம் மாதிரி சுருண்டுக்கும். ஒட்டி முடிச்சதும் மேல கனமான புக்கு.

மாடி வீட்டுப் பொண்ணு 2:48
தேங்க்ஸ் மாமா 🙏 கடைசியா ஒண்ணு. ஹால் சுவத்துல கிரேயான் கிறுக்கியாச்சு. எப்படிப் போக்குறது?

கீழ் வீட்டு அக்கா 2:49
சுவத்துல அடிச்ச பெயிண்ட் டிஸ்டெம்பரா, எமல்ஷனா?

மாடி வீட்டுப் பொண்ணு 2:49
டிஸ்டெம்பர்

கீழ் வீட்டு அக்கா 2:50
எமல்ஷன்னா ஈரத்துணியில ஆப்ப சோடா தொட்டு லேசாத் தேய்க்கலாம். டிஸ்டெம்பர் தேய்ச்சா பெயிண்டே கையோட வரும். மாமா கிட்ட பெரிய காலண்டரா ஒண்ணு வாங்கி மேல மாட்டிடு 😂

பைண்டிங் மாமா 2:51
எவ்ளோ உயரத்துல கிறுக்கியிருக்கு? கீழ இருந்தா காலண்டர் மேலயும் கிறுக்கும்