'எ ரெய்சின் இன் த சன்' படித்தவர்கள் உதவுங்களேன்

லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் இந்த நாடகத்தைப் பற்றி (1959) அடுத்த வாரம் வாசிப்பு வட்டத்தில் பேச வேண்டும். கதையில் வரும் கறுப்பினக் குடும்பத்தின் மகன் வால்டர் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன்.

சிகாகோவில் இடுக்கு வீடு, பக்கத்து வீட்டாரோடு பொதுக் குளியலறை, கூடத்து சோபாவில் படுக்கும் வால்டரின் பையன். அப்பா இறந்ததற்கு வந்த காப்பீட்டுப் பணம் 10,000 டாலர். அதில் தங்கையின் படிப்புக்கு வைத்த 3,000 டாலரையும் சேர்த்தே தொலைத்துவிட்டு வருகிறான் வால்டர். எனக்குக் கோபம்தான் வந்தது. தோழியோ, நாளெல்லாம் முதலாளிக்குக் கார் கதவு திறந்துவிடுகிறவன் வேறென்ன செய்வான் என்கிறாள். அதுவும் சரிதானோ?

அப்புறம், அம்மா வீடு வாங்கிய வெள்ளையர் பகுதிக்குக் குடிவர வேண்டாம் என்று பணம் நீட்டுகிறவரைக் கடைசியில் திருப்பி அனுப்புகிறானே, அது அவனே திருந்தியதா, இல்லை, அவன் பையனை அங்கேயே நின்று பார்க்கச் சொன்ன அம்மாவின் சாமர்த்தியமா? உங்களுக்கு எப்படிப் பட்டது, இரண்டு வரி எழுதுங்கள். அம்மா வளர்க்கும் அந்த ஜன்னலோரச் செடியைப் பற்றியும்.