நம் குடும்பம் (திருச்சி)

செல்வி: அப்பா காலை 4.40-க்குப் போய்விட்டார். தூக்கத்திலேயே. கண் வங்கிக்குச் சொல்லிவிட்டேன். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டுமாம்.

சித்தி: ஐயோ. நேற்றுதானே பேசினேன்.

பாபு: கிளம்பிவிட்டேன் அக்கா. தாம்பரத்தில் யாராவது ஏறுகிறீர்களா? காரில் இடம் இருக்கிறது.

ரவி: அக்கா, மின்விசிறியை நிறுத்து. இமையை மூடி ஈரப் பஞ்சு வை. தலைக்குத் தலையணை. டாக்டரிடம் இறப்புச் சான்று வாங்கிவிடு, மருத்துவக் கல்லூரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

சித்தப்பா: உடலையுமா? கொள்ளி வைக்காமலா?

செல்வி: அவரே எழுதிக் கொடுத்தது சித்தப்பா. அம்மாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சித்தப்பா: சாமியே இல்லை என்றவருக்குப் பாவ புண்ணியம் எங்கே தெரியும். நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

மதுரை அத்தை: தம்பி, அண்ணனை அப்படிச் சொல்லாதே.

சித்தி: பேரனுக்குப் பரீட்சை. நாங்கள் மதியம்தான் வர முடியும்.

ரவி: சித்தப்பா, வருத்தத்தில் பேசுகிறீர்கள். ஆனாலும் சொல்கிறேன். சாமியை நம்பினால்தான் அறம் என்றால் சமணமும் பௌத்தமும் எங்கே போவது? உலகைப் படைத்தவர் என்று ஒருவரை அவர்கள் வைக்கவே இல்லை. கொல்லாமையை அவர்களைப் போலப் பிடித்துக்கொண்டவர்கள் யார்? வள்ளுவர் கடவுள் வாழ்த்தை முதலில் வைத்தார், சரி. அறம் எது என்று சொல்லும்போது ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல்’ என்றுதானே சொன்னார்? 2003-இல் குரங்குகளை வைத்து ஒரு சோதனை வெளிவந்தது. ஒரே வேலைக்கு ஒன்றுக்கு வெள்ளரித் துண்டு, பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை. வெள்ளரி கிடைத்த குரங்கு பல தடவை வாங்க மறுத்தது. குரங்குக்கு அறம் தெரியும் என்று சொல்லவில்லை. ஓரவஞ்சனை கண்டால் பொறுக்காமல் போவது ரத்தத்திலேயே இருக்கிறது என்கிறேன்.

சித்தப்பா: குரங்கா. சரி.

பாபு: ரவி, இப்போதா.

மதுரை அத்தை: ரவி சொல்வது பாதிதான் சரி. உங்கள் மாமா குடியை விட்டது யாரால்? மாலை போட்ட மண்டலம் முழுக்கத் தொடவில்லை, அதோடு விட்டார். நானும் அண்ணனும் சொல்லிக் கேட்காதவர் ஐயப்பனுக்குப் பயந்தார். ஆனால் தம்பி, எனக்கு 1984-இல் கல்யாணம். பெண்ணுக்கும் பங்கு என்று 1989-இல் சட்டம் வந்தபோது, முன்பே கல்யாணமானவளுக்குக் கிடையாது என்றார்கள். அப்பா நிலத்தில் எனக்குச் சரிபங்கு எழுத வைத்தது அண்ணன். கிருத்திகை தவறாத நீ கையெழுத்துப் போட ஒரு வருடம் இழுத்தாய்.

சித்தி: அண்ணி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாமே.

சித்தப்பா: இழுத்தது வக்கீல்.

ரவி: பெண்ணுக்குச் சொத்துரிமை என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே தீர்மானம் போட்டார்கள் அத்தை. பெரியப்பா அடிக்கடி சொல்வார்.

மதுரை அத்தை: சொல்பவர்கள் நிறைய. அவர் செய்தார்.

செல்வி: கண் வங்கிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். முகம் அப்படியே இருக்கிறது. உடலை 4 மணிக்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

மதுரை அத்தை: சரி கண்ணு. நெற்றியில் கொஞ்சம் திருநீறு மட்டும் வைக்கட்டுமா?

செல்வி: அம்மாவிடம் கேட்கிறேன் அத்தை.

சித்தப்பா: பதினாறாம் நாள் என்ன செய்வது?

ரவி: படத்திறப்பு வைக்கலாம்.

சித்தப்பா: படையலும் வேண்டும்.

பாபு: விக்கிரவாண்டி தாண்டிவிட்டேன். ஏதாவது வாங்க வேண்டுமா?

செல்வி: தண்ணீர் கேன் நான்கு. மாலை வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்.

சித்தி: நாங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டோமே.