மறு: ஸ்லைடருக்குத் தமிழ் (மாறிலி மாறினால் என்ன பெயர்?)

வணக்கம் நண்பர்களே.

போன வாரம் நான் கேட்டது ஒரே ஒரு சொல். ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியில் சார்பின் வரைபடம் போடும்போது ஓரத்தில் ஒரு சிறு கோடும் அதன்மேல் ஒரு புள்ளியும் தோன்றும். புள்ளியை இழுத்தால் எண் மாறும். எண்ணோடு சேர்ந்து வளைகோடும் மாறும். அந்த ஸ்லைடரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றேன். பதினொரு மடல்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தபின், நான் கேட்ட கேள்வியே பாதிதான் என்று தெரிகிறது. கேள்வி எங்கே பிறந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் என் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. ஒன்பது பிள்ளைகள், எல்லாரும் படிவம் நான்கு. அன்றைய பாடம் இருபடிச் சார்பு. ஒய் சமம் ஏ எக்ஸ் வர்க்கம், கூட்டல் பி எக்ஸ், கூட்டல் சி. எக்ஸ் மாறி, ஏ, பி, சி மூன்றும் மாறிலிகள் என்று வெண்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். பிறகு மடிக்கணினியைத் திருப்பி, ஏ-யின் புள்ளியைப் பிடித்து 1இலிருந்து 3க்கு இழுத்தேன். பரவளையம் ஒடுங்கியது. 0.2க்குக் கொண்டுபோனேன், தாம்பாளம்போல் விரிந்தது. கடைசி வரிசைப் பையன் கையைத் தூக்கினான்.

“டீச்சர், மாறிலி என்றால் மாறாதது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இது மாறுகிறதே?”

அவன் குறும்புக்குக் கேட்கவில்லை. தாளில் வரைந்த காலத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அட்டவணை போட்டு, ஏழு புள்ளி குறித்து, கை நடுங்காமல் ஒரு வளைகோட்டை இழுப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். ஏ-யை மாற்றிப் பார்க்க யாருக்கு நேரம்? இப்போது ஒரு விரல் அசைவில் ஐம்பது வளைகோடு வருகிறது. பலகையில் நான் எழுதிய சொல்லும் திரையில் நான் காட்டிய காட்சியும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

பள்ளியில் அவன் மலாய் மொழியில் மாறியை ‘பெம்போலே ஊபா’ என்றும் மாறிலியை ‘பெமாலார்’ என்றும் படிக்கிறான். அங்கே இந்தச் சந்தேகம் அவனுக்கு வரவில்லை. ‘பெமாலார்’ அவன் காதுக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். நம் ‘மாறிலி’யோ தன் வாலில் ‘இலி’ என்று மறுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. “தேர்வு மலாயில் நடக்கும்போது இந்தத் தமிழ்ச் சொல் எதற்கு” என்று கேட்ட நண்பருக்கும் என் பதில் இதுதான்: தமிழில் கேட்டதால்தான் அவனுக்கு உறுத்தியது, உறுத்தியதால்தான் யோசித்தான்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். இழுக்கிற கருவிக்கு ஒன்று, இழுபடுகிற எண்ணுக்கு ஒன்று.

கருவியை முதலில் பார்ப்போம்.

> வழுக்கி அல்லது நழுவி போதுமே.

ஈப்போ ஐயா மன்னிக்க வேண்டும். வழுக்குவதும் நழுவுவதும் பிடியை மீறி நடக்கிறவை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்கிறோம். யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. இங்கே மாணவனின் விரல்தான் எல்லாவற்றையும் செய்கிறது. தானாக நடப்பதாகத் தொனிக்கும் பெயர், நான் சொல்லிக்கொடுக்க நினைப்பதற்கு நேர் எதிரானது.

> நகர்த்தி.

எனக்கும் முதலில் பிடித்திருந்தது. பயிற்றித்தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. “நகர்த்தி ஏ-யின் மதிப்பை 3 ஆக்குக” என்று எழுதினால் அது பெயர்ச்சொல்லா வினையெச்சமா? “நகர்த்தியை நகர்த்தி” என்று எழுத வேண்டி வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உருப்பெருக்கி, ஒலிபெருக்கி எல்லாம் பிழைத்துக்கொண்டனவே என்பீர்கள். அவற்றின் முன்னால் உருவும் ஒலியும் காவலுக்கு நிற்கின்றன.

> ஸ்லைடர் என்றே விட்டுவிடலாம், ஜியோஜீப்ராவை மொழிபெயர்த்தோமா?

மொழிபெயர்க்கவில்லை, உண்மை. ஆனால் அந்தப் பெயரே ஒட்டுப்போட்டுச் செய்த பெயர். மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கியபோது ஜியோமெட்ரியின் தலையையும் அல்ஜீப்ராவின் வாலையும் சேர்த்துத் தைத்தார். அவர் தைக்கலாம், நாம் தைக்கக் கூடாதா?

எனக்கு வழி காட்டியது பினாங்கு அண்ணாச்சியின் மடல். லெபோ பசாரில் அவருடைய அப்பா நடத்திய மளிகைக் கடையில் ஒரு தாச்சிங், அதாவது தூக்கிப் பிடிக்கும் கோல் தராசு, தொங்கியதாம். கோல் முழுதும் புள்ளி புள்ளியாக அளவுக்குறி. அதில் நூலில் தொங்கும் ஒரு குண்டு. ஒரு பக்கம் மிளகாயை வைத்துவிட்டு, மறுபக்கம் குண்டை விரலால் மெல்லத் தள்ளிக்கொண்டே போவார். கோல் ஏறி இறங்கி ஓரிடத்தில் நேராக நிற்கும். அளவுக்குறி உள்ள கோல், கையால் நகரும் ஒன்று, அதற்கு ஏற்பச் சாயும் இன்னொன்று. ஸ்லைடரின் வேலை இதைத் தவிர வேறென்ன? இதை நம்மவர்கள் வெள்ளிக்கோல் என்றார்கள். அளவுகோல், துலாக்கோல் வரிசையில் இன்னொரு கோல் சேர்ந்தால் யாரும் வியக்கப் போவதில்லை.

எனவே என் முன்மொழிவு: குமிழ்க்கோல். புள்ளி குமிழ்; அது ஓடும் கோடு கோல். “குமிழ்க்கோலை நகர்த்தி ஏ-யின் மதிப்பை 3 ஆக்குக.” வாக்கியம் தடுக்கவில்லை. குமிழ்முனைப் பேனாவோடு குழப்பிக்கொள்வார்கள் என்று யாராவது சொல்வீர்கள். அந்த அளவு ஆபத்தை ஏற்கிறேன்.

அடுத்தது இழுபடுகிற எண், ஆங்கிலத்தில் பராமீட்டர். தமிழ்நாட்டில் துணையலகு என்கிறார்கள், இலங்கையில் பரமானம். பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசாமி கோயிலைச் சுற்றி வளர்ந்த எங்களுக்கு இரண்டு பக்கச் சொல்லும் உறவுதான். நான் சாய்வு என்று சொல்வதை என் மாணவி ஒருத்தியின் பாட்டி படித்திறன் என்று திருத்துவார். இருந்தாலும், துணையலகு என்றதும் பிள்ளைகள் கிலோவையும் மீட்டரையும் தேடுகிறார்கள். பரமானம் செவிக்கு இனிது, பொருள் திறப்பதில்லை.

வகுப்பில் நாம் என்ன சொல்கிறோம் என்று என் பேச்சையே கவனித்தேன். “ஏ-யை இரண்டு என்று வைத்துக்கொள்வோம்.” ஒவ்வொரு கணக்கு ஆசிரியரும் நாள்தோறும் சொல்வது. அந்த எண் தானாக மாறவில்லை. நாம் ஓரிடத்தில் வைக்கிறோம், வைத்த இடத்தில் அது நிற்கிறது. அதனால் வைப்பெண் என்று எழுதினேன். பதினாறு வயதுப் பையன்கள் அதை எங்கே பிரித்துப் படிப்பார்கள் என்று என் கணவர் சிரித்த சிரிப்பில் அந்தச் சொல் அங்கேயே மாண்டது. இப்போது வைப்பளவு என்று வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். ஏ-யை 1 என்றும் சி-யை 3 என்றும் வைத்துவிட்டு, பி-யின் குமிழ்க்கோலை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்தேன். வளைகோடு இடமும் வலமும் மட்டுமே போகும் என்று பந்தயம் கட்டினார்கள். அப்படிப் போகவில்லை. பி 0 என்றால் முனை (0, 3)இல். 2 என்றால் (-1, 2)இல். 4 என்றால் (-2, -1)இல். முனைக்குத் தடம் விடும்படி அமைத்துவிட்டுக் குமிழை ஓட்டியதும், அது தலைகீழான இன்னொரு பரவளையத்தைத் திரையில் வரைந்துவிட்டது. ஆனால் எல்லா வளைகோடும் (0, 3) வழியாகத்தான் போயின. “ஒவ்வொரு வைப்புக்கும் ஒரு வளைகோடு, அந்த வளைகோட்டுக்குள் பி அசையாது” என்று சொன்னது நான் இல்லை, அதே கடைசி வரிசைப் பையன்.

பிறகு ஏ-யைச் சரியாக 0இல் நிறுத்தி, பரவளையம் நேர்கோடாகிவிட்டதைப் பார்த்து, கணினி கெட்டுவிட்டது என்றும் அவன்தான் சொன்னான்.

அசிம்ப்டோட்டுக்குத் தமிழ் அணுகுகோடா தொலைத்தொடுகோடா என்ற சண்டையை இந்த இழையில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். (அணுகுகோடுதான்.)

புதிய பயிற்றித்தாளை வெள்ளிக்கிழமை காலை நகலகத்தில் கொடுக்கிறேன். வைப்பளவைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள். குமிழ்க்கோலுக்கு மறுப்பு இருப்பவர்கள் முதலில் அதை ஒரு கேள்வியில் வைத்து எழுதிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.