உறைப்பாடல் வேண்டாம்: 'கவர் வெர்ஷன்' தமிழில் என்ன?

குளச்சலிலிருந்து எழுதியது:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும். அமெரிக்க நகைச்சுவைப் பாடகர் 'வியர்ட் ஆல்' யாங்கோவிக் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரபலமான பாட்டின் மெட்டை எடுத்து, வேடிக்கையாக வேறு சொற்களைப் போட்டுப் பாடுகிறவர். அதைப் 'பாரடி' என்று எழுதித் தப்பித்துவிட்டேன். அடுத்த பகுதியில்தான் மாட்டிக்கொண்டேன். அவருடைய பாட்டுகளை மற்றவர்கள் பாடிய கவர் வெர்ஷன்கள் பற்றிய பகுதி அது. 'உறைப்பாடல்' என்று ஒரு முறை எழுதிப் பார்த்தேன். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்ட மாதிரி இருக்கிறது. மறுபாடல், மீள்பாடல் என்றும் தோன்றுகிறது. எதுவும் ஒட்டவில்லை.

தக்கலையிலிருந்து எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் 'பாரடி'யை எடுத்துவிடு. தோழியைக் கூப்பிட்டு 'இங்கே பாரடி' என்பதுபோல வாசிக்கிறது. பகடிப் பாட்டு என்றால் போதும். கவருக்கு எனக்குத் தோன்றியவை இரண்டு. நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரிக்கிறதல்லவா, அந்த வரிசையில் 'வழிப்பாடல்'. அது பிடிக்காவிட்டால் 'மறுகுரல்'. பாட்டு அதேதான், குரல் மட்டும் வேறு. மறுபாடல் வேண்டாம். பதிலுக்குப் பாடிய எசப்பாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

நாகர்கோவிலிலிருந்து எழுதியது:

தம்பி, உன் கேள்வியைப் பார்த்ததும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் ஒரு காசெட்டு ஞாபகம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலம். அப்பாவுக்குக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பாட்டு என்றால் உயிர். ஒழுகினசேரிக்காரர், நம்ம ஆள் என்ற உரிமை வேறு. மீனாட்சிபுரத்தில் ஒரு கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். அட்டையில் கலைவாணர் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். டேப்பில் போட்டாயிற்று. முன்னிசை முடிந்து குரல் வந்ததும் அப்பா அரை வரிகூடக் கேட்கவில்லை. "லேய், இது கிருஷ்ணன் இல்ல" என்றார். அட்டையைப் பிரித்து ஆராய்ந்ததில் உள்மடிப்பில் எறும்பு எழுத்தில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தது. "ஆள்மாறாட்டம்" என்று சொல்லிவிட்டு டேப்பை அணைத்தார். கவர் வெர்ஷனுக்கு நான் கேட்ட முதல் தமிழ்ச்சொல் அதுதான். கலைச்சொல்லுக்கு ஆகாது. கோபம் மட்டும் சரியான கோபம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், கவர் என்பதே கடைத்தெருவில் பிறந்த சொல். அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் இசைத்தட்டு ஓடுகிறது என்று தெரிந்தால், இன்னொரு கம்பெனி அதே பாட்டைத் தன் பாடகரை வைத்துப் பதிந்து சந்தையில் இறக்கும். நம் நாட்டிலும் காசெட்டுக் காலத்தில் 'வெர்ஷன் ரெக்கார்டிங்' என்ற பெயரில் இந்த வியாபாரம் கொழித்தது. 'முதல் பதிவு' என்று ஒன்று இருந்து, அது ஒருவர் குரலோடு மனதில் ஒட்டிக்கொண்டால்தான் கவர் என்ற எண்ணமே வரும். கர்நாடக சங்கீதத்தில் ஒரே கீர்த்தனையை நூறு பேர் பாடுகிறார்கள். அதை யாரும் கவர் என்பதில்லை. இவருடைய பாடாந்தரம், அவருடைய பாடாந்தரம் என்கிறார்கள். பாடாந்தரத்தையே எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அது குருவிடமிருந்து சிஷ்யனுக்கு வருவது. காசெட்டைக் கேட்டுப் பாடுகிறவனுக்குக் குரு ஏது? விட்டுவிட்டேன்.

அடுத்து உறைப்பாடல். இதைக் கொல்ல நம் சட்டமே போதும். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது கவர் வெர்ஷனுக்கென்றே 31சி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பாட்டை முதலில் பதிந்த ஆண்டு முடிந்து 5 காலண்டர் ஆண்டுகள் போகவேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்டவேண்டும், அதுவும் முன்கூட்டியே. முன்பு பாடியவரின் பெயரோ படமோ அட்டையில் இருக்கக்கூடாது. எங்கள் அப்பா படிக்கவேண்டிய பிரிவு. அதோடு, இது இந்தப் பிரிவின்கீழ் செய்த கவர் வெர்ஷன் என்று கவரில் அச்சிடவும் வேண்டும். இதை உன் சொல்லை வைத்துத் தமிழில் எழுதிப் பார்: 'இது உறைப்பாடல் என்று உறையில் குறிப்பிடவேண்டும்.' நீதிமன்றத்தில் வாசித்தால் தபேதாரே சிரித்துவிடுவார்.

அக்காவின் 'வழிப்பாடல்' இலக்கணப்படி அழகான சொல். ஆனால் கோயிலும் சர்ச்சும் தெருவுக்கு ஒன்றாக இருக்கிற நம்ம மாவட்டத்தில் அதை எழுதினால், ஒற்றை விட்டுவிட்டு 'வழிபாடல்' என்றுதான் நோட்டீஸ் அடிப்பார்கள். பிறகு கலைவாணர் பாட்டுக்குக் கற்பூரம் காட்டவேண்டியதுதான். நன்னூலாரை மடக்கவும் இடம் இருக்கிறது. வழிநூல் முதல்நூலின் பொருளை வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் மாறிக்கொள்ளலாம். கவரில் அந்தச் சலுகை கிடையாது. 31சி-யும் சொல்லையோ இசையையோ மாற்றாதே என்கிறது. உரிமையாளர் முன்பே ஒப்புக்கொண்ட மாற்றமும் பதிவுக்குத் தவிர்க்கமுடியாத மாற்றமும் மட்டும் விலக்கு. நன்னூலார் கணக்கில் வழிநூலுக்கு நெருக்கமானது உண்மையில் பகடிதான்.

'மறுகுரல்' எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பையன் அதைக் கெடுத்தான். எங்கள் தெருக் கோயில் கொடைவிழாவில் நிகழ்ச்சிக்கு நடுவே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மேடையேறி, 1956-இல் வந்த 'ராஜா ராணி' படத்தின் சிரிப்புப் பாட்டைப் பாடினான். கலைவாணர் வகைவகையாகச் சிரித்துக்காட்டுவாரே, அந்தப் பாட்டு. சுருதி நிற்கவில்லை. தாளக்காரர் அவனைத் துரத்திக்கொண்டு ஓடினார். சிரிப்பு வரும் இடங்களில் மட்டும் பையன் கண்ணை மூடிக்கொண்டான். வந்த சிரிப்பு கலைவாணருடையது இல்லை. அவனுடைய தாத்தா மாதிரி, மூச்சு இரைந்து, கடைசியில் இருமலில் முடிகிற சிரிப்பு. தாத்தா முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். பந்தல் குலுங்கியது. இரண்டாம் நாள் வேறொருவர் வந்து அதே பாட்டைப் பாடினார். கண்ணை மூடினால் கலைவாணரேதான். கைதட்டினார்கள், ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாவது ஆள் செய்ததற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: பலகுரல். மிமிக்ரி. பையன் செய்ததுதான் கவர். 'மறுகுரல்' என்று வைத்தால் பலகுரலுக்குப் பக்கத்து வீடாகிவிடும், தபால் மாறிப் போகும். அதோடு நகைச்சுவைப் பாட்டில் குரல் மாறுவது பெரிய விஷயமே இல்லை. மற்ற பாட்டில் சொல், மெட்டு, குரல் என்று மூன்று. இதில் நான்காவதாக ஒன்று உண்டு. எங்கே நிறுத்துகிறான், எப்போது வாயைத் திறக்கிறான், எதைத் தெரியாதவன் மாதிரி சொல்கிறான் என்பது. அது சொல்லிலும் இல்லை, சுரத்திலும் இல்லை. 31சி-யை வைத்துக்கொண்டு ஒரு வக்கீல் அந்தப் பையனை மடக்கினால் என்ன செய்வது? சிரிப்பு சொல்லா, இசையா? மாற்றிச் சிரித்தது குற்றமா? எனக்கு விடை தெரியாது. ஆனால் சிரிப்பை மாற்றாமல் பாடினவர்தான் பாட்டைக் கெடுத்தார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, தம்பியின் கட்டுரைக்கு நேராக உதவும். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் கலைவாணர் கிந்தனார் காலட்சேபம் செய்வார். நந்தனார் சரித்திரத்தின் பகடி. நந்தன் சிதம்பரம் போகத் தவிக்கிறான், கிந்தன் படிப்பதற்காகப் பட்டணம் போகிறான். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் முதல். கிந்தனார் அதன் பகடி. நாளைக்கு ஒரு பிள்ளை கோட்டாற்றில் மேடையேறி கிந்தனாரைப் பாடினால் அது பகடியின் கவர். பகடியைப் பாடுகிறவள் பகடி செய்யவில்லை, அவள் பாட்டுக்குப் பாடுகிறாள். உன் யாங்கோவிக்கும் இப்படித்தான். மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' மெட்டில் சாப்பாட்டைப் பற்றி 1984-இல் 'ஈட் இட்' பாடினாரே, அது பகடி. அதை வேறொருவர் அப்படியே பாடினால் பகடியின் கவர். ஆனால் அதே 1984-இல் அவர் பிரபலமான ஹிட் பாட்டுகளை வரிசையாகக் கோத்து, அக்கார்டியனோடு போல்கா என்ற துள்ளல் நடன நடையில் விறுவிறுவென்று பாடியிருக்கிறார். அதில் சொற்களை மாற்றவில்லை. நடையை மாற்றியதே சிரிப்பு. அது கவர்தான். பகடிக்காரர் பாடினது எல்லாம் பகடி என்று எழுதிவிடாதே.

சரி, சொல். நம்மூரில் இதை எப்படிச் சொல்கிறோம் என்று ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். 'அவரு பாட்டை இவன் எடுத்துப் பாடுனான்' என்கிறோம். டீக்கடையில் சொல்கிறார்கள், கானமேளாக்காரர் சொல்கிறார், என் மகளும் சொல்கிறாள். எழுத்தில் 'எடுத்தாளுதல்' என்று மதிப்பான ஓர் உறவினரும் அதற்கு உண்டு. ஆகவே என் முன்மொழிவு: எடுத்துப்பாடல். பாடுகிறவர் எடுத்துப்பாடுநர். முதலில் பாடியவர் மூலப்பாடகர். பகடியின் கவர் என்பது 'பகடியின் எடுத்துப்பாடல்', சிக்கல் இல்லை. வாக்கியத்தில் போட்டுப் பார்: 'ஈட் இட் பாட்டுக்கு எத்தனை எடுத்துப்பாடல்கள் வந்தாலும் மூலப்பாடகரின் முகச்சேட்டை யாருக்கும் வரவில்லை.' ஓடுகிறதா இல்லையா?

தக்கலையிலிருந்து எழுதியது:

அண்ணன் எழுதியதில் முக்கால்வாசிக்குத் தலையாட்டிவிட்டேன். வழிப்பாடலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், கற்பூரம் வேண்டாம். ஆனால் எடுத்துப்பாடலில் ஒரு கல் கிடக்கிறது. எங்கள் பெரியம்மா வில்லுப்பாட்டுக் குழுவில் பின்பாட்டுப் பாடியவர். நேற்று அவரிடம் போய்க் கேட்டேன். "எடுத்துப் பாடுன்னா சத்தமா பாடுன்னுல்லா அர்த்தம் மக்ளே" என்றார். குடம் அடிக்கிறவரின் சத்தத்தில் குரல் அமுங்கினால் குழுத் தலைவரான அண்ணாவி திரும்பிப் பார்த்து அப்படித்தான் சொல்வாராம். வேறு ஒருவர் பாட்டை நீங்கள் பாடினால் அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "பாட்டு சாமிக்கு. நான் பாடினேன். அதுக்கு எதுக்கு வேற பேரு?" என்று திருப்பிக் கேட்டார். முதல் பதிவு இல்லாத இடத்தில் கவர் இல்லை என்று அண்ணன் எழுதினாரே, அதைப் பெரியம்மா இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கலைவாணர் பாட்டையாவது தனியாகச் சொல்வீர்களா என்று விடாமல் கேட்டதற்கு, "அது கிருஷ்ணன் பாட்டு, கடன் வாங்கிப் பாடுறது" என்றார். கடன்பாட்டு! எனக்கு ஒரு நிமிடம் ஆசை வந்தது. பிறகு 'முதல் தேதி' படத்தில் கலைவாணர் சம்பளத்தைப் பற்றிப் பாடிய பாட்டுக்கு யாராவது கடன்பாட்டு எழுதினால் அது மாசக் கடைசிக் கதை என்றே நினைப்பார்கள் என்று தோன்றியது. விட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து எழுதியது:

பெரியம்மா சொன்ன கல் உண்மையான கல்தான். மறுக்கவில்லை. ஆனால் 'குரலை எடுத்துப் பாடு' வேறு, 'பாட்டை எடுத்துப் பாடு' வேறு. வினையாக இருக்கும்போதுதான் குழப்பம். எடுத்துப்பாடல் என்று சேர்த்து எழுதிப் பெயராக்கிவிட்டால் யாரும் அதைச் சத்தப்பாடல் என்று வாசிக்கமாட்டார்கள். 'நடைமுறை' என்று வாசிக்கும்போது யாரும் காலைப் பார்ப்பதில்லையே. கடன்பாட்டை நான் மட்டும் வைத்துக்கொள்கிறேன், வீட்டில் பேச.

குளச்சலிலிருந்து எழுதியது:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. கட்டுரையில் 'எடுத்துப்பாடல்' என்றே போட்டுவிட்டேன். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'கவர் வெர்ஷன் எனப்படும் எடுத்துப்பாடல்' என்று எழுதியிருக்கிறேன், பிறகு வெறும் எடுத்துப்பாடல். பாரடியை எல்லா இடத்திலும் பகடியாக மாற்றிவிட்டேன். அப்படி மாற்றும்போது 'பாரடி' என்பதைத் தேடி மாற்றச் சொன்னதில், கட்டுரையின் கடைசியில் அம்மா வாட்சப்பில் தங்கச்சிக்குச் சொன்னதை நான் தவறுதலாக ஒட்டிவைத்திருந்த ஒரு வரியும் மாறிவிட்டது. 'அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பகடி' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு மாலையில் அனுப்புகிறேன்.